இணையக் காலத்தில் இசை இரசனை

ஒரு பாடல் எவ்வாறு ஊரறிந்த பாடலாகிறது? அது நன்றாக இருப்பதால் என்பது உடனே தோன்றும் விடை. அந்த விடை பாதிதான் சரி. கேட்பாரின்றி மறைந்துபோன நல்ல பாடல்களும் ஏராளம். ஒரு பாடல் ஊரறிந்ததாக வேண்டுமானால், ஊர் அதைக் கேட்டிருக்க வேண்டும். அது மட்டும் போதாது. தான் கேட்ட பாடலை அடுத்தவரும் கேட்டிருக்கிறார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் முதலடியை முணுமுணுக்க, இன்னொருவர் இரண்டாம் அடியைத் தொடர்வார். பொதுப் பண்பாடு என்று அறிஞர்கள் குறிப்பிடுவது இந்தச் சிறிய நிகழ்வையும் உள்ளடக்கியதே. வானொலிக் காலத்தில் இவ்விரண்டும் தாமாகவே நடந்தன. இணையக் காலத்தில் முதலாவது எளிதாகிவிட்டது. இரண்டாவது அரிதாகி வருகிறது.

மலாயா வானொலி 1946 ஏப்ரல் முதல் நாளில் தொடங்கப்பட்டது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழுக்கும் அதில் இடமிருந்தது. அந்தத் தமிழ்ப் பிரிவின் வழிவந்ததே, முன்பு வானொலி 6 என்று அழைக்கப்பட்டு இன்று மின்னல் எஃப்.எம். என்று அறியப்படும் நிலையம். சிங்கப்பூரின் ஒலி 968 அதே மரபின் மற்றொரு கிளை. தொடக்கக் காலத்தில் தமிழுக்குக் கிடைத்தது நாளில் சில மணி நேரமே. அதனாலேயே அந்த நேரத்திற்கு மதிப்பு அதிகம். தோட்டப்புறங்களில் ஒரு வீட்டு வானொலி பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்தே பாடியது. லயத்து வீடுகளின் பலகைச் சுவர் பாட்டைத் தடுக்கவில்லை. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளுக்கு அஞ்சலட்டை எழுதிவிட்டு, தம் பெயர் எந்த வாரம் வாசிக்கப்படும் என்று காத்திருந்தோர் பலர். பாடலைக் கேட்டவர்களின் பெயர்ப் பட்டியல் சில நாள்களில் பாடலின் பல்லவியைவிட நீளமாக இருந்ததுண்டு. அந்தப் பட்டியல் வெறும் பெயர்களின் வரிசையாக இருக்கவில்லை. ஈப்போவில் இருப்பவருக்குப் பிடித்த பாடல் கூலிமில் இருப்பவருக்கும் பிடித்திருக்கிறது என்பதை நாடு முழுவதற்கும் அதுவே அறிவித்தது.

அந்தக் காலத்தில் ஒருவர் விரும்பிக் கேட்ட பாடல்களைவிட, விரும்பாமலே காதில் விழுந்த பாடல்கள் அதிகம். தாத்தாவுக்குப் பிடித்த டி.எம்.சௌந்தரராஜன் பாடலைப் பேரனும் கேட்டே ஆக வேண்டும். அக்காவுக்குப் பிடித்த புதுப் பாடலைத் தாத்தாவும் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பெட்டி ஒன்றுதான். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பேரன் ஒரு பழைய பாடலின் முன்னிசையைக் கேட்டவுடனே அடையாளம் கண்டுகொள்கிறார் என்றால், அது அவர் தேடிப் பெற்ற அறிவு அன்று; தடுக்க முடியாமல் வந்து சேர்ந்தது.

இதனால் வானொலிக் காலத்தைப் பொற்காலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்தப் பாடல் காற்றில் ஏற வேண்டும் என்பதை ஒரு சிலரே முடிவு செய்தார்கள். அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இந்தியாவில் நடந்த ஒன்று நல்ல சான்று. 1952-இல் அந்நாட்டின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் செவ்வியல் இசை இரசனையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அனைத்திந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தன. மக்கள் செவ்வியல் இசைக்குத் திரும்பினார்களா? இல்லை. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி, கடல் கடந்து வந்த இலங்கை வானொலியைக் கேட்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அரசு இறங்கிவந்தது. 1957 அக்டோபரில் திரைப்பாடல்களுக்கென்றே விவித பாரதி என்னும் சேவை தொடங்கப்பட்டது. இரசனையைக் கட்டளையிட்டு வளர்க்க முடியாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு நிகழ்ச்சி குறைவு.

தனித்துக் கேட்கும் பழக்கத்தை இணையம்தான் கொண்டுவந்தது என்று எண்ணுவதும் தவறு. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் ஒலிநாடாவை அறிமுகப்படுத்தியது. 1979-இல் சோனியின் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. விருப்பமான பாடல்களைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து, வெற்று ஒலிநாடாவில் பதிவு செய்து வாங்கியவர்களை இன்றும் பல குடும்பங்களில் காணலாம். இன்றைய பாடல் பட்டியலின் முன்னோடி அந்தத் தாள்தான். ஆனால், ஒரு நாடாவில் 60 அல்லது 90 நிமிடங்களே அடங்கும். ஒவ்வொன்றுக்கும் பணம் கொடுக்க வேண்டும். எனவே தேர்வுக்கு ஓர் எல்லை இருந்தது.

எல்லையை உடைத்தது இணையம். 1999-இல் தோன்றிய நாப்ஸ்டர், பாடல் கோப்புகளைப் பயனர்கள் தமக்குள் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. காப்புரிமை வழக்குகளால் 2001-இல் முடங்கியது. 2005-இல் யூடியூப் வந்தது. 2008-இல் சுவீடனில் தொடங்கிய ஸ்பாட்டிஃபை 2013-இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நுழைந்தது. இப்போது ஒரு திறன்பேசியில் கோடிக்கணக்கான பாடல்கள் கிடைக்கின்றன. ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் உறங்காமல் கேட்டாலும் கேட்டு முடிக்க முடியாத அளவு அது.

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர்களுக்கு இதனால் கிடைத்த நன்மை சிறிதன்று. முன்பு சென்னையில் வெளிவந்த பாடல், ஒலிநாடாவாகக் கடல் கடந்து கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலைக்கோ சிராங்கூன் சாலைக்கோ வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று சென்னையில் கேட்கும் அதே நிமிடத்தில் சிகாமட்டிலும் கேட்கலாம். அதைவிட முக்கியமானது, பாடல் எதிர்த்திசையிலும் செல்லத் தொடங்கியது. 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் ‘வல்லவன்’ என்னும் தமிழ் ராப் தொகுப்பை மலேசியாவில் வெளியிட்டனர். 1980-இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையமைத்த ஒரு பாடலை அவர்கள் புதுப்பித்துப் பாடியது தமிழகத்திலும் பேசப்பட்டது. பின்னர் ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’ ஆகிய படங்களில் யோகி பி-யின் குரல் ஒலித்தது. தமிழிசை என்றால் சென்னையிலிருந்து வருவது, மற்றவர்கள் கேட்பவர்கள் என்றிருந்த பழைய ஏற்பாடு அங்கே சற்று ஆட்டம் கண்டது.

2021 மார்ச் மாதத்தில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ இன்னொரு வகையில் குறிப்பிடத்தக்கது. தீயும் அறிவும் பாடிய அந்தப் பாடல் எந்தத் திரைப்படத்திலும் இடம்பெறவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய ஒரு தலைமுறையின் நினைவு அதில் இருக்கிறது. அறிவின் பாட்டியும் அத்தலைமுறையைச் சேர்ந்தவரே. கதாநாயகனும் திரையரங்கும் இல்லாமல், நேரே இணையத்தில் வெளிவந்து, அது பல நாடுகளிலும் ஒலித்தது. இரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இணையம் இவ்வாறு எல்லாச் சிறு குரல்களையும் மேலே கொண்டுவரும் என்றுதான் தொடக்கத்தில் பலரும் நம்பினார்கள். ‘வயர்ட்’ இதழின் ஆசிரியராக இருந்த கிறிஸ் ஆண்டர்சன் 2004-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு சில வெற்றிப் படைப்புகளின் காலம் தேய்ந்து, எண்ணற்ற சிறு படைப்புகளுக்குத் தலைக்குச் சில இரசிகர்கள் என்ற நிலை வளரும் என்று கணித்தார். கணிப்பில் ஒரு பாதி பலித்தது. சிறு படைப்புகள் பெருகின. ஆனால் பெரு வெற்றிகள் சிறுக்கவில்லை. முன்பு எவரும் காணாத அளவுக்குப் பருத்தன.

2011 நவம்பர் 16-ஆம் நாள் ‘வொய் திஸ் கொலவெறி டி’ வெளியிடப்பட்டது. அனிருத் இசையில் தனுஷ் பாடியது. பாடலின் முழுமையடையாத வடிவம் முன்கூட்டியே இணையத்தில் கசிந்துவிட்டதால், ஒலிப்பதிவுக் கூடக் காட்சிகளோடு ஒரு காணொலியை நிறுவனம் அவசரமாக வெளியிட்டது. தமிழே அறியாதவர்கள் அதைப் பாடினார்கள். ‘3’ என்ற அந்தப் படம் 2012 மார்ச்சில் திரைக்கு வந்தபோது பாடல் பழையதாகிவிட்டிருந்தது! அதே ஆண்டு ஜூலையில் கொரியப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ வந்தது; டிசம்பருக்குள் யூடியூப் வரலாற்றில் முதன்முறையாக 100 கோடிப் பார்வைகளைத் தொட்டது. தமிழ்ப் பாடல்களுள் அந்த எண்ணை முதலில் எட்டியது ‘மாரி 2’ படத்தின் ‘ரவுடி பேபி’. அது நடந்தது 2020 நவம்பரில்.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உலகில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 8 கோடிப் பேர். கைக்குழந்தை முதல் முதியவர் வரை ஒவ்வொருவரும் பன்னிரண்டு முறை பார்த்தாலும் 100 கோடி நிறைவதில்லை. ஆகவே பிறமொழியினர் பார்த்திருக்கிறார்கள். சிலர் நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறார்கள். எத்தனை பேர், யார் யார், எப்போது என்பதை அந்த எண் சொல்வதில்லை. நேயர் விருப்பத்தில் எண்ணிக்கை இல்லை. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். இணையத்தில் துல்லியமான எண்ணிக்கை இருக்கிறது. ஒரே நேரம் என்பது இல்லை. ஓர் எண்ணைக் கூட்டமென்று நம்புவதற்கு இன்றைய இரசிகர் பழகிவிட்டார்.

அந்த எண், பார்ப்பவரின் இரசனையையே மாற்றுமா? இதை அறிய, கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வு நடத்தி, 2006-இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டனர். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையத்தளத்தில் வைத்தனர். 14,341 பேர் அவற்றைக் கேட்டு, மதிப்பிட்டு, விரும்பியவற்றைப் பதிவிறக்கிக்கொண்டனர். ஒரு பிரிவினருக்குப் பாடலின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே காட்டப்பட்டன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டனர். அவர்களுக்கு, தம் உலகத்தில் ஒவ்வொரு பாடலையும் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணும் தெரிந்தது. எட்டு உலகங்களிலும் அதே 48 பாடல்கள்தாம். எண்ணிக்கை எல்லா இடங்களிலும் சுழியத்திலிருந்தே தொடங்கியது.

முடிவு வியப்பளித்தது. எட்டு உலகங்களிலும் ஒரே பாடல்கள் முன்னணிக்கு வரவில்லை. எண்ணிக்கையைக் காணாமல் கேட்டவர்கள் 26-ஆம் இடத்தில் வைத்த ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது. வேறோர் உலகத்தில் 40-ஆம் இடத்திற்குச் சரிந்தது. மிகச் சிறந்தவை அடிமட்டத்திற்குப் போனது அரிது. மிக மோசமானவை உச்சிக்கு ஏறியதும் அரிது. ஆனால் இடையில் இருந்த பெரும்பாலான பாடல்களின் விதியை, முதலில் வந்த ஒரு சிலரின் தற்செயலான விருப்பம் நிர்ணயித்தது. பின்னால் வந்தவர்கள் அந்தச் சிறிய எண்ணைப் பார்த்தார்கள், பாடலைக் கேட்டார்கள், எண்ணைப் பெரிதாக்கினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான இடைவெளியும் கூடியது. ‘எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் நன்றாகத்தான் இருக்கும்’ என்று சொல்லும் மாணவருக்கு இந்த ஆய்வைப் படித்துக் காட்டலாம்.

எண்ணிக்கை கூட்டத்தைச் சேர்க்கிறது. இணையத்தின் மற்றொரு கருவியான பரிந்துரை கூட்டத்தைப் பிரிக்கிறது. பரிந்துரை செய்யும் நிரலுக்கு இராகம் தெரியாது, கவிதை தெரியாது என்று சொல்வதுண்டு. அது அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. ஒருவர் மூன்று பாடல்களை அடிக்கடி கேட்கிறார். இன்னொருவர் அவற்றுள் இரண்டை அடிக்கடி கேட்கிறார். இரண்டாமவருக்கு மூன்றாவது பாடலைக் காட்டினால் அவரும் கேட்கக்கூடும். கோடிக்கணக்கான பயனர்களை வைத்து இந்த எளிய கணக்கைச் செய்வதே அதன் அடிப்படை. 2015 முதல் ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒவ்வொரு பயனருக்கும் 30 பாடல்கள் கொண்ட தனிப்பட்டியலை அளித்து வருகிறது. அடுத்த வீட்டுக்காரரின் பட்டியல் வேறு; ஒரே அறையில் உறங்கும் தம்பியின் பட்டியலும் வேறு.

தீபாவளிக்கு முதல் நாள் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஊர் திரும்பும் மகிழுந்து ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். முன்பு அதில் ஒரே வானொலி. தஞ்சோங் மாலிம் தாண்டியதும் அலைவரிசை இழுபறியாகும், அப்பா குமிழைத் திருகுவார், பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். எந்தப் பாடல் வேண்டும் என்பதில் சண்டையும் நடக்கும். இன்று அந்தச் சண்டை இல்லை. நான்கு பேர் காதிலும் நான்கு காதொலிப்பான்கள்; நான்கு பாடல்கள். அமைதி நிலவுகிறது. ஆனால், அப்பாவின் பாடல்களுள் ஒன்றுகூடப் பிள்ளைகளின் காதில் விழாமலே மகிழுந்து பினாங்கு சேர்ந்துவிடும்.

கேட்கும் முறை மாறியதால் பாடலின் உருவமும் மாறிவிட்டது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு, 1986 முதல் 2015 வரை அந்நாட்டின் முன்னணிப் பட்டியல்களில் இடம்பெற்ற பாடல்களை அளந்தது. 1980-களின் நடுவில் குரல் தொடங்குவதற்கு முன் ஒலித்த முன்னிசை சராசரியாக 20 வினாடிகளுக்கு மேல் நீடித்தது. முடிவில் அது 5 வினாடி அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு தட்டலில் அடுத்த பாடலுக்குப் போய்விடக்கூடிய இரசிகரைக் காத்திருக்க வைக்க எவரும் துணிவதில்லை. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் சேரும். ஆகவே அந்த 30 வினாடிக்குள் பாடலின் கவர்ச்சியான பகுதி வந்தாக வேண்டும். இளையராஜாவின் பாடல்களில் வயலின்களும் புல்லாங்குழலும் மெல்ல எழுந்து, பாடகருக்கு வழிவிடும் நீண்ட முன்னிசையைக் கேட்டவர்களுக்கு இழப்பு எதுவென்று புரியும். குறுங்காணொலிகள் வந்தபின் பாடலே தேவையில்லை; அதில் 15 வினாடி போதும். இந்தியா 2020 ஜூன் மாதம் டிக்டாக் செயலியைத் தடை செய்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது தொடர்கிறது. இதனால் ஒரே தமிழ்ப் பாடலின் துணுக்கு இருவேறு தமிழ்ச் சமூகங்களை இருவேறு வாசல்களின் வழியே சென்றடைகிறது.

சிறுபான்மை மொழிக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. வானொலியில் தமிழுக்கென்று நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. பின்னர் நாள் முழுவதும் ஒலிக்கும் நிலையங்களே கிடைத்தன. அந்த இடம் பாதுகாக்கப்பட்ட இடம். பரிந்துரை நிரலில் அப்படி ஓர் ஒதுக்கீடு இல்லை. கொரியப் பாடல் ஒன்றை நான்கு நாள் தொடர்ந்து கேட்கும் மாணவிக்கு ஐந்தாம் நாள் அது ஐம்பது கொரியப் பாடல்களைக் கொண்டுவந்து தருகிறது. அவளுடைய வீட்டுமொழி எது என்று அது கேட்பதில்லை. பிடிஎஸ் குழுவின் பாடல்களைப் பொருளறிந்து பாடுவதற்காகக் கொரிய எழுத்துகளைக் கற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆர்வம் குறை சொல்லத்தக்கதன்று. இன்னொரு மொழியை இசையின் வழியே நேசிப்பது நல்ல வாசல். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முன்பு தமிழ்ப் பாடல் தேடாமலே காதில் விழுந்தது. அதன் சொற்கள் அகராதியின்றியே மனத்தில் தங்கின. இப்போது ஒருவர் தேடினால்தான் அது வரும். முன்பின் கேட்டிராத ஒன்றை ஒரு பிள்ளை எப்படித் தேடும்?

வேடிக்கையாக, ஒரே திறன்பேசியைப் பலர் பயன்படுத்தும் வீடுகளில் பரிந்துரை நிரல் குழம்பிவிடுகிறது. காலையில் பாட்டி சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்களைக் கேட்கிறார். மாலையில் அதே கருவியில் பேத்தி ராப் கேட்கிறாள். இடையில் தந்தை 1980-களின் பாடல்களுக்குத் தாவுகிறார். அடுத்த நாள் அந்தக் கருவி மூன்றையும் கலந்து வரிசைப்படுத்துகிறது. பேத்திக்கு முருகன் பாட்டும் பாட்டிக்கு ராப்பும் வந்து சேர்கின்றன. நிறுவனங்கள் இதனைப் பிழையாகக் கருதி, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தரும் குடும்பக் கட்டணத் திட்டங்களை விற்றன. பின்னர் 2019-இல் ஸ்பாட்டிஃபை தன் குடும்பத் திட்டத்தில் புதிய வசதி ஒன்றைச் சேர்த்தது. வீட்டில் உள்ள அனைவரின் விருப்பங்களையும் ஒன்றாகக் கலந்து ஒரே பாடல் பட்டியலாகத் தரும் வசதி அது.